எச்சிலின் எடை

“தாண்டி வராதக்கா, சொல்லிட்டேன். பொம்பளைங்க உள்ள வர்ற எடமில்ல இது.”

“பொம்பள பெத்த புள்ளைங்க வரலாம், பொம்பள வரக்கூடாதா? தள்ளுடா.”

“பேஜாரு பண்ணாத. சாயங்காலம் எடை போடணும். பெரம்பூர்லேர்ந்து ஆளுங்க வந்துகினு கீறாங்க—”

“வரட்டும். வந்து பாக்கட்டும். அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு நான் போய்க்கினே இருக்கேன்—”

“தண்ணியா! நாசமாப் போச்சு. ஒரு வாரமா நான் பட்ட பாடு இன்னா தெரியுமா ஒனக்கு?”

“பட்டது நீயா, அவனா?”

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தகரக் கூரையில் மோதித் திரும்பின. உள்ளே கயிறு தாண்டிக்கொண்டிருந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். யாரோ குத்திவிட்டுப் போன மணல் மூட்டை மட்டும் கேட்பாரில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. வியாகுலம்மாள் இடுப்பில் அலுமினியக் குடம். இறால் கம்பெனியில் பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறாள். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களில் இன்னும் இறால் வாடை. வாசற்படியில் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டு வழியை மறித்து நிற்பவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி அம்புரோஸ். பகலில் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை, மாலையானால் இந்த மிக்கேல் சம்மனசு தேகப்பயிற்சிச் சங்கத்தில் குத்துச்சண்டை மாஸ்டர். ராயபுரத்தில் அவன் கை பட்டு வளராத பையன் இல்லை என்பார்கள். அந்தக் கைகளுக்கு இடையில் தலையைச் சாய்த்து அவள் உள்ளே பார்த்தாள். பழைய உப்புக் கிடங்கு அது. மூலையில் மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு. அதை ஒட்டித் தரையில், பங்குனி வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், கழுத்துவரை கம்பளி ஜெர்சி போட்டுக்கொண்டு குந்தியிருந்தான் பலசரக்குக் கடை சுகிர்தத்தின் மகன் தேவப்பிரியம்.

பழுப்பு நிற ஜெர்சி. இடது முழங்கையில் கறுப்பு நூலில் ஒரு தையல். அந்தத் தையலைப் போட்டவள் வியாகுலம்மாள்தான்.

போன வருஷம் அந்த ஜெர்சி யேசுதாஸ் உடம்பில் இருந்தது. ஒரே பிள்ளை. அப்பன் துறைமுகத்தில் கயிறு அறுந்து விழுந்த மூட்டைகளுக்கு அடியில் போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்றிலிருந்து அம்புரோஸ்தான் தகப்பன் இடத்தில் நின்றான். செருப்பு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான், பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டதும் அவன்தான், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கையில் துணியைச் சுற்றிவிட்டு ‘குத்துடா மாமன’ என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டியதும் அவன்தான். பிள்ளை சங்கத்தில் இருக்கிறான் என்றால் அவளுக்கு நிம்மதி. கடல் பக்கம் போகவில்லை, ரயில் தண்டவாளத்தில் சுற்றவில்லை, சூதாடுகிற கூட்டத்தோடு சேரவில்லை. “எங்க போயிடப்போறான், மாமங்காரன் கைலதான கீறான்” என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை பந்தயம். அதற்கு முந்தைய நாட்கள் எல்லாம் தவசு காலம். நாலு ஆள் சாப்பாட்டை ஒற்றையாகச் சாப்பிடுகிற பிள்ளை, திடீரென்று ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்தான்.

“வேணாம்மா. ஒருசந்தி.”

ஒரு வேளை மட்டும் உண்டு மற்ற வேளை வயிற்றைக் காயப் போடுகிற விரதம். பெரியவர்களே சாக்குச் சொல்லித் தப்பிக்கிற விரதம். பிள்ளைகளுக்குக் கோயிலில் கட்டாயமே கிடையாது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த ஒரு வேளையையும் அவன் பாதி தின்று மூடி வைத்தான். கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டே அவள் அதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. “இன்னாமே, ஒம்புள்ள சாமியாராப் பூடுவான் போல கீதே” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேலி செய்ததைக்கூடப் பெருமையாகத்தான் முடிந்துகொண்டாள். பிள்ளை ஒரு பால் டின்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதில் துப்பிக்கொண்டே இருந்தான். கோயிலில் நன்மை அப்பம் வாங்கப் போகும் காலையில் எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவள் அவள் அம்மா. இவன் முழு நாளும் விழுங்க மாட்டேன் என்கிறானே, எப்பேர்ப்பட்ட பக்தி என்று அவள் பூரித்தாள். உச்சி வெயிலில் ஜெர்சியோடு ஓடிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, குப்புற விழுந்து கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் ஒட்டவைத்துக்கொள்வான். பெரிய வெள்ளியன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் முகங்குப்புறக் கிடப்பது போல இருந்தது அவளுக்கு. எழுப்பக்கூட மனம் வரவில்லை. சத்தம் போடாமல் அந்தப் பக்கம் தாண்டிப் போனாள்.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் சங்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், பிள்ளையின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது.

“தண்ணி குடிச்சானா? கேட்டானா? குடுத்தீங்களா?”

“ஒருசந்திங்க, டாக்டரு.”

டாக்டர் அவளைப் பார்த்த பார்வை இன்னும் அவள் முதுகில் இருக்கிறது. “சாமி பேரச் சொல்லிப் புள்ளைய காய வெச்சுக் கொண்ணுட்டியேம்மா” என்றார். பக்கத்தில் அம்புரோஸ் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் நிற்கிறான் என்று அவள்தான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஆனால் டாக்டர் சொன்ன மாதிரி ஊர் சொல்லவில்லை. அடக்கத்தன்று பிரசங்கத்தில் சாமியார் சொன்னார்: சிலுவையில் தொங்கியவரின் தாகத்தில் பங்கு கேட்ட பிள்ளை இது, பாஸ்காவுக்கு முந்தின நாளில் அழைக்கப்பட்டது சும்மா இல்லை. கோயில் முழுக்க அழுதது. அழுகையோடு அழுகையாக வியாகுலம்மாளுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது இல்லாவிட்டால் அந்த வருஷத்தை அவள் கடந்திருக்க மாட்டாள். வீட்டில் அவன் போட்டோ. அதன் முன்னால் அவள் ஏற்றாவிட்டாலும் யாராவது வந்து மெழுகுதிரி ஏற்றினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் சட்டத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த, வேறு சபையைச் சேர்ந்த சுகிர்தம்கூட, மகனுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து அந்தப் படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். ‘புனிதர் அம்மா’ என்று கேலியாக ஆரம்பித்த பேர், கேலி உதிர்ந்து நிஜப் பேராகிவிட்டது. ஜெர்சி மட்டும் திரும்பி வரவில்லை. பிள்ளையின் உடுப்புகளை அம்புரோஸ் கொண்டுவந்து கொடுத்தபோது, அதை எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தன்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் தவசு காலத்தின் கடைசி வாரத்தில் சுகிர்தம் புளி கட்டிக்கொண்டே சொன்னாள்: “யக்கா, எங்க தேவாவும் ஒருசந்தி இருக்காம்லா. எங்க சபையில அதெல்லாம் கெடையாது, நான் சொல்லிப் பாத்தேன். யேசுதாஸ் அண்ணன் இருந்தாம்லா, நானும் இருப்பேங்கான். பேச்சுதான் இந்த ஊர்ப் பேச்சாப் போச்சுன்னு பாத்தேன், பிள்ளையே ஒங்க ஊர்ப் பிள்ளையாயிட்டான்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய் வியாகுலம்மாள் இரண்டு மெழுகுதிரி ஏற்றினாள்.

பெரிய வெள்ளியன்று கம்பெனி கிடையாது. சிலுவைப்பாதைக்குப் போகக் கடற்கரை வழியாக நடந்தவள், கருவாடு காயப்போட்டிருக்கிற மணல்மேட்டுக்கு அப்பால் தேவப்பிரியத்தைக் கண்டாள். ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. மணலிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தான். கையில் பால் டின். உடம்பில் அந்த ஜெர்சி. முழங்கைத் தையலைத் தூரத்திலிருந்தே அவள் கண் பிடித்துவிட்டது. செபமாலை கையிலேயே நின்றது.

“டேய் தேவா. இங்க வா. இத்த எவன்டா குட்த்தான் ஒனக்கு?”

“மாஸ்டர்தான், பெரியம்மா. ராசியான ஜெர்சின்னு சொன்னாரு.” உதடு இரண்டும் வெடித்து, மூலையில் வெள்ளையாக எச்சில் காய்ந்திருந்தது.

“இன்னாத்துக்குடா துப்பிகினே கீற?”

பையன் அக்கம்பக்கம் பார்த்தான். புனிதர் அம்மாவிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவர்கள் வீட்டு விஷயந்தானே என்று நினைத்திருக்க வேண்டும். “எச்சிலும் வெயிட்டுதான், பெரியம்மா. எடை போடுறப்ப கம்மியா காட்டினா சின்னப் பசங்களாண்ட ஆடலாம். ஜெயிக்கலாம். அதுக்குத்தான் மாஸ்டர் காய வெக்கிறாரு.”

“அப்ப ஒருசந்தி?”

அவன் வறண்ட வாயோடு சிரித்தான். “அது யேசுதாஸ் அண்ணன் கண்டுபுடிச்ச ரோசன. பசிக்கலன்னு சொன்னா எங்கம்மா ஒதைக்கும், ஒருசந்தின்னு சொன்னா கும்புடும்னு சொன்னானாம். மாஸ்டர் அத்த சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. சிரிச்சுட்டு அப்பால அழுவாரு.”

வியாகுலம்மாள் சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. கருவாட்டுப் பாய்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்கள் திறந்தபடி ஈரமெல்லாம் போய்ச் சுருண்டு கிடக்கும் மீன்களை ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. தன் பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தப் பயலை இழுத்துப் போட்டு நாலு சாத்துச் சாத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் ஆள் இல்லை. வீட்டுக்குப் போய்ப் போட்டோவைப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் புனிதராகப் பார்த்த முகத்தில் மெல்லப் பழைய திருட்டுப் பயல் தெரிந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தன் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஒரு நாள்தானே, எடை போட்டு முடிந்ததும் அந்தப் பையன் வயிறு முட்டக் குடித்துவிட்டு எழுந்து நடந்துவிடுவான். எத்தனையோ பிள்ளைகள் நடந்தார்கள். அம்புரோஸே அப்படிக் காய்ந்து வளர்ந்தவன்தான். சொன்னால் அந்தப் போட்டோவுக்கு முன்னால் இனி ஒரு திரி எரியாது. சொல்லாவிட்டால்? ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் படுத்தாள். விடிந்ததும் வேலைக்குப் போனாள். பாதியில் கையைக் கழுவாமல் எழுந்து சுகிர்தத்தின் கடைக்கு வந்தாள். புருஷன் வண்ணாரப்பேட்டைக்குச் சரக்கெடுக்கப் போயிருக்க, சுகிர்தம் தனியாகத்தான் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்குச் சாமான் வாங்க வந்த கூட்டம்.

“சுகிர்தம், ஒம்புள்ளய க்ளப்புலேர்ந்து இட்டுகினு வா. அவன் ஒருசந்தி இல்ல. பந்தயத்துக்கு அவன காய வெக்கிறாங்க.”

“என்னக்கா சொல்லுதிய? எம்பிள்ள பொய் சொல்லுதானா?”

“ஆமா.”

சுகிர்தத்தின் முகம் சிவந்துவிட்டது. “நல்லாருக்கே! ஒங்க பிள்ள பட்டினி கெடந்தா புனிதரு, எம்பிள்ள கெடந்தா பொய்யனோ? இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பேரு வந்துரக் கூடாதுன்னு வயித்தெரிச்சலா? ஒங்க கோயிலு வேற, எங்க சபை வேறன்னு காமிக்கிதியளாக்கும்!”

கூட்டம் வேடிக்கை பார்த்தது. அதில் பாதிப் பேர் யேசுதாஸின் படத்துக்கு மெழுகுதிரி கொண்டுவந்தவர்கள். வியாகுலம்மாள் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எம்புள்ளையும் பொய்தாமே சொன்னான்.”

கூட்டத்தில் ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“அவன் புனிதரு இல்ல. என்ன டபாய்ச்சுட்டு, எடை கம்மியாவுறதுக்கு தண்ணி குடிக்காம செத்தான். நான் தாண்டித் தாண்டிப் போனேன். பக்தின்னு நெனச்சுகினு.”

“வாயக் களுவுங்கக்கா,” என்றாள் சுகிர்தம். குரல் இறங்கிவிட்டது. “செத்த பிள்ளையப் போயி...”

வியாகுலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்தாள். தெருக்குழாயில் பண்டிகைக்காக வரிசையில் நின்றிருந்த பெண்கள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு டம்ளரை மடியில் செருகிக்கொண்டு வந்தவள்தான் இப்போது வாசற்படியில் நிற்கிறாள்.

“இன்னும் கொஞ்ச நேரந்தான்கா,” அம்புரோஸின் குரல் கெஞ்சலுக்கு இறங்கியது. “எடை போட்டு எறங்கினதும் எளநி வெட்டி வெச்சுக்கீறேன். நம்ம பசங்கள ஒரு தபாவாவது மெட்ராஸ் மொத்தமும் பாக்க வேணாமா? துறைமுகத்துல மூட்டை தூக்குறதோட முடிஞ்சிடணுமா?”

“எம்புள்ளையாண்டயும் எளநின்னுதான் சொன்னியா?”

நிலையில் ஊன்றியிருந்த கை தளர்ந்தது. அந்த இடுக்கில் குடத்தோடு அவள் உள்ளே நுழைந்தாள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பெண் கால் வைக்காத தரை அது. வியர்வையும் தைலமும் பழைய உப்பும் கலந்த வாடை. இந்த வாடையைத்தான் யேசுதாஸின் சட்டையில் துவைத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை நிறைத்து தேவப்பிரியத்தின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

பையன் உதட்டை இறுக மூடிக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தான். “எடை போட்டுட்டு குடிக்கிறேன், பெரியம்மா. இவ்ளோ நாள் இருந்துட்டேன்.” கண் மட்டும் டம்ளரை விட்டு நகரவில்லை. தண்ணீர் அசைந்தால் கண்ணும் அசைந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சுகிர்தம். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். காலில் செருப்பில்லை, கையில் புளி பிசுபிசுத்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் ஜெர்சியைப் பிடித்து மகன் தலைவழியே உருவினாள். உள்ளே விலாவெலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அந்த எலும்புகளைப் பார்த்துக்கொண்டே ஒரு கணம் நின்றாள். பிறகு டம்ளரை வாங்கி மகன் வாயில் வைத்தாள்.

“குடில.”

முதல் வாய் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது வாய் இறங்கியது. அதற்கப்புறம் அவன் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டான். குடிக்கிற சத்தம் அந்தக் கிடங்கு முழுக்கக் கேட்டது. குடித்துக்கொண்டே அழுதான். தோற்றுப்போன அழுகையா, தாகம் தீர்ந்த அழுகையா, அவனுக்கே தெரிந்திருக்காது. சுகிர்தம் அவனைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனாள். வாசல் வரை போனவள் திரும்பி வியாகுலம்மாளைப் பார்த்தாள். பிறகு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

கயிறு தாண்டிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான். “பெரியம்மா, எனக்கு?” என்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் கோணி போர்த்தியிருந்த ஒருவன். இத்தனை பேரா என்று அவள் நினைக்கவில்லை. டம்ளரை நிறைத்து நிறைத்துக் கொடுத்தாள். அம்புரோஸ் தடுக்கவில்லை. குடித்த பிள்ளைகள் மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் சட்டைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அக்காளும் தம்பியும் மிஞ்சினார்கள். பாஸ்கா வரை அடிக்கக் கூடாது என்று வியாழக்கிழமையோடு ஊமையாகிவிட்ட கோயில் மணி இன்னும் வாய் திறக்கவில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கூவி ஓய்ந்தது. அம்புரோஸ் கீழே கிடந்த ஜெர்சியை எடுத்து மடித்தான். வைக்க இடம் தெரியாமல் அதை மடியில் போட்டுக்கொண்டு தராசுத் தட்டின் மேலேயே உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் எடைக்கல் ஏதும் இல்லாததால் இரும்புக் கை சட்டென்று மேலே போய் அந்தரத்தில் நடுங்கியது.

“என்னயும் இப்படித்தான்கா காய வெச்சாங்க,” என்றான் தரையைப் பார்த்து. “எனக்கு ஒண்ணும் ஆவல.”

குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அவள் அதைச் சாய்த்து டம்ளரில் வடித்தாள். தானும் குடிக்கவில்லை, அவனிடமும் நீட்டவில்லை. தராசுக்கு முன்னால் தரையில், போன வருஷம் தன் பிள்ளை விழுந்த இடம் எதுவாக இருக்கும் என்று பார்ப்பது போலப் பார்த்து, ஓரிடத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

“நைனா அம்புரோஸு,” என்றாள், சின்ன வயதில் அவனைக் கூப்பிடுகிற குரலில். “அன்னிக்கு... எம்புள்ள தண்ணி கேட்டானா?”